ஐந்து தீவுகள், நான்கு துறைகள்



ஊரை விட்டு வெகுதொலைவு வந்து பிழைக்கும் நமக்குப் பயணம் என்றதும் நினைவுக்கு வருவது இரண்டு இரவு இரயில். இடம் கிடைக்குமா, கட்டுச்சோறு கெடாதிருக்குமா, இணைப்பு வண்டி தவறிவிடுமோ என்பனவே நம் கவலைகள். இரயிலே இல்லாத தீவுகளிலிருந்து புறப்பட்டு, நான்கு முறை கடலைக் கடந்து, மோட்டார் சைக்கிளில் மாநகரம் சென்று சேர்வோரும் உலகில் உண்டு. அவர்கள் செல்லும் வழியை நாட்டுப் படத்தின் துணைகொண்டு இன்று நாம் தொடர்ந்து பார்ப்போம்.

இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில் ஃபுளோரஸ் என்றொரு தீவு உள்ளது. அதன் கீழைக்கோடித் துறைமுகம் லரந்துக்கா. அங்கிருந்து ஜகார்த்தா செல்ல ஃபுளோரஸ், சும்பாவா, லொம்போக், பாலி, ஜாவா ஆகிய ஐந்து தீவுகளைக் கடக்க வேண்டும். தரைவழி மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல். இத்தனை தொலைவுக்கு மோட்டார் சைக்கிளா என்று வியக்க வேண்டா. சுமார் 28 கோடி மக்கள் வாழும் அந்நாட்டில் 12 கோடிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் உள்ளன. எளிய குடும்பத்தின் வண்டி அதுவே. சந்தைக்குச் செல்வதும் அதில்தான். தொலைதூரம் செல்வதும் அதில்தான்.

ஃபுளோரஸ் மலைகள் மலிந்த தீவு. எரிமலைகளைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் சாலையில் கிலோமீட்டரைக் கொண்டு நேரத்தைக் கணிக்க இயலாது. வழியில் கெலிமுத்து என்னும் எரிமலையின் உச்சியில் மூன்று ஏரிகள் வெவ்வேறு நிறத்தில் விளங்குகின்றன. எண்டே என்னும் ஊரில் 1934 முதல் 1938 வரை டச்சு ஆட்சியினர் சுகர்ணோவைச் சிறைக்காவலின்றி நாடு கடத்தி வைத்திருந்தனர். பின்னாளில் முதல் குடியரசுத் தலைவரான அவர், அங்கே ஒரு சீமைப்பலா மரத்தடியில் அமர்ந்து நாட்டின் ஐந்து கொள்கைகளைச் சிந்தித்தார் என்று அந்நாட்டார் போற்றுகின்றனர்.

தீவின் மேற்குக் கோடியான லபுவான் பாஜோவில் சாலை முடிகிறது, கடல் தொடங்குகிறது. வண்டிகளை வயிற்றில் ஏற்றிக்கொண்டு செல்லும் கப்பல், பேருடும்புகள் வாழும் கொமோதோ தீவுகளின் வழியே பல மணி நேரம் சென்று சும்பாவாவின் சாப்பே துறையை அடைகிறது. அலை மிகுந்தால் கப்பல் புறப்படாது. துறையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். கப்பலை அவர்கள் ‘கபால்’ என்றும் கடையைக் ‘கெடாய்’ என்றும் கூறுவர். இரண்டும் தமிழிலிருந்து சென்ற சொற்கள் என்பது மொழிநூலார் துணிபு. நம் முன்னோர் அக்கடலுக்குப் புதியவர் அல்லர்.

சும்பாவாவில்தான் 1815-ஆம் ஆண்டு தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானை மூட, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாது பயிர் பொய்த்தது. சும்பாவாவைக் கடந்து இரண்டாம் கப்பலில் லொம்போக். அங்கிருந்து மூன்றாம் கப்பலில் பாலி. லொம்போக்குக்கும் பாலிக்கும் இடையிலுள்ள கடல் மிக ஆழமானது. 1856-இல் இவ்வழி சென்ற வாலஸ் என்னும் ஆங்கில அறிஞர், பாலியில் காணாத வெண்கொண்டைக் கிளிகளை லொம்போக்கில் கண்டு, ஆசிய உயிரினங்களின் எல்லை இதுவென உணர்ந்தார். பறவையும் கடக்கத் தயங்கிய கடலை இன்று ஒரு தொழிலாளி தன் வண்டியோடு சில மணி நேரத்தில் கடக்கிறான்.

பாலியில் ஒரு செய்தியை அறிந்து செல்லுதல் நன்று. அங்குள்ள இந்துக்கள் சக ஆண்டின் பிறப்பை ‘ஞெப்பி’ என்னும் மௌன நாளாகக் கொள்கின்றனர். அன்று ஒரு பகலும் ஓர் இரவும் சாலையில் வண்டி ஓடாது, கப்பல் வாராது, விமானமும் இறங்காது. எத்துணை அவசரமாயினும் காத்திருக்கவே வேண்டும்.

பாலியின் கிலிமானுக் துறையிலிருந்து ஜாவாவின் கேத்தாபாங் துறைக்குச் செல்வது நான்காம் கடப்பு. எல்லாவற்றிலும் சிறியது, ஒரு மணிக்குள் முடிந்துவிடும். ஜாவாவின் கடிகாரமோ ஒரு மணி பின்தங்கியது. ஆகவே ஆறு மணிக்குப் புறப்பட்டவர் ஆறு அடிப்பதற்கு முன்னரே போய்ச் சேரலாம்! நம் இரயில்வேயில் எந்த வண்டிக்கும் வாய்க்காத பெருமை இது. ஆனால் இந்தச் சிறிய ஜலசந்தியில்தான் 2025 ஜூலை 2-ஆம் நாள் இரவு, கேத்தாபாங்கிலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்று மூழ்கிப் பலர் மாண்டனர். கடப்பு சிறிதாயின் ஆபத்தும் சிறிதென்று எண்ணலாகாது.

ஜாவாவில் கால் வைத்ததும் இரயில் நிலையம் தென்படுகிறது. பனாருக்கான் என்னும் ஊரிலிருந்து, டேண்டல்ஸ் என்ற ஆளுநர் 1808-க்குப் பின் கட்டாய உழைப்பால் அமைத்த பழைய தபால் சாலை தொடங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் அதற்கு உயிர் ஈந்தனர். சுரபாயாவுக்கும் ஜகார்த்தாவுக்கும் இடையே 2018-இல் சுங்கச் சாலை முழுமை பெற்றது. ஆயினும் மோட்டார் சைக்கிளுக்கு அதில் அனுமதி இல்லை. எளியவன் லாரிகளோடு லாரியாகப் பழைய சாலையிலேயே செல்ல வேண்டும். நோன்புப் பெருநாளில் மாநகரத்தார் ஊர் திரும்பும்போது, மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு செல்லும் வண்டிகள் பல விபத்துக்குள்ளாகின்றன. எனவே அந்நாட்டு அரசு அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்களை இரயிலில் இலவசமாக ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டைச் செய்துள்ளது. வண்டியும் ஊர் சேர்கிறது; உயிரும் ஊர் சேர்கிறது. இரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு இதைவிட இனிய செய்தி ஏது?

அன்பர்களே, இவ்வளவும் கூறியதன் கருத்து ஒன்றே. நெடும்பயணம் செய்தவனை உலகம் புகழ்கிறது, புகழட்டும். ஆயினும் அவனை ஊர் சேர்ப்பது அவன் துணிவு மட்டுமன்று. சாலை அறுந்துபோகும் நான்கு இடங்களில், ஏறுவோரை எண்ணி, ஏற்றும் பாரத்தை அளந்து, காற்றைப் பார்த்து, “இன்று புறப்படலாம், இன்று கூடாது” என்று சொல்லும் பெயரறியா ஊழியர் சிலர் இருக்கின்றனர். அவர் கணக்கு சரியாயின் ஐந்து தீவும் ஒரு நாடு. அது பிழையாயின் ஒரு குடும்பத்திற்கு வாழ்நாள் முழுதும் துயர்.

ஊரிலிருந்து அறுந்து வந்த நமக்கும் அத்தகைய துறை ஒன்று வேண்டும். புதிதாய் மாற்றலாகி வந்தவர்க்கு வீடு பார்த்துத் தருவதும், நோயுற்றவரை ஊருக்கு ஏற்றி அனுப்புவதும், பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பிப்பதும் சிறு பணிகளாகத் தோன்றலாம். கடப்பு சிறிது, கவனம் பெரிதாக இருக்கட்டும். இச்சங்கம் நமக்கு என்றும் அத்துறையாக விளங்குக!