அருவி இல்லாத ஊரின் அருவி

ஊரில் இப்போது இரவு பத்தைத் தாண்டியிருக்கும். தூக்கத்தை விட்டுவிட்டு இந்த நேரலையில் இணைந்திருப்பவர்களுக்கு முதலில் நன்றி. சங்கக் கவிதையில் அருவி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதைப் பறம்பு மலையிலிருந்தோ குற்றாலத்திலிருந்தோ தொடங்குவதுதான் வழமை. நான் டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்துக்குத் தெற்கே உள்ள பீச் மரக் காட்டிலிருந்து தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அருவி என்பது புத்தகச் சொல். எங்களுடையது சுண்ணாம்புக்கல் தரை. பெய்கிற மழை கீழே இறங்கிவிடும், நாங்கள் கிணறு வெட்டி அள்ளுவோம். குடாநாட்டில் ஆறு என்று பெயர் உள்ளது ஒரு வழுக்கையாறு, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். மலை என்று பெயர் உள்ளது கீரிமலை. போய்ப் பார்த்தால் கடல், கேணி, நன்னீர் ஊற்று எல்லாம் இருக்கும், மலையைத்தான் தேட வேண்டும். இன்னும் தெற்கே மன்னாரில் கடலில் கலக்கும் மல்வத்து ஓயாவுக்குத் தமிழில் அருவி ஆறு என்று பெயர். எங்கள் பக்கம் வந்து சேரும்போது அது தட்டை நிலத்தில் ஊர்கிற ஆறு. ஆக, குறிஞ்சித் திணையை முழுக்கப் படித்துவிட்டு, ஒரு பாறையிலிருந்து நீர் விழுவதைக் காணாமலே வளர்ந்த கூட்டம் நாங்கள்.

எண்பதுகளில் அகதிகளாய் வந்து சேர்ந்த இடமும் அப்படித்தான் அமைந்தது. டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கைப் புள்ளியான மொல்லஹோய் 171 மீற்றர்கூட இல்லை. சில்க்போர்க்குப் பக்கத்தில் ஹிம்மல்பியர் என்று ஒரு மேடு இருக்கிறது, 147 மீற்றர். பெயரைத் தமிழில் சொன்னால் வானமலை. கீரிமலைக்காரர்களுக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை.

இந்த நாட்டில் அருவி ஏன் அரிது என்பதற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. அருவி விழ வேண்டுமென்றால் தண்ணீரால் எளிதில் அரிக்க முடியாத கடும்பாறை ஒன்று விளிம்பாக நிற்க வேண்டும். யூட்லாந்தின் மேற்பரப்போ பனியுகத்தில் பனிப்பாளங்கள் இழுத்துவந்து கொட்டிய மணலும் சரளையும் களிமண்ணும். கருங்கல் தரையை மேலேயே காண வேண்டுமானால் பால்டிக் கடலில் உள்ள போர்ன்ஹோல்ம் தீவுக்குப் போக வேண்டும். நாட்டின் மிக உயரமான அருவியும் அங்கேதான், ஏறத்தாழ 20 மீற்றர். சில்க்போர்க்கில் இருப்பது வேறு விதம். பனிக்காலம் விட்டுச்சென்ற சரிவுகளின் அடியில் நிலத்தடி நீர் ஊற்றாகக் கசிகிறது. அது ஓடையாகி ஏரிக்கு இறங்கும் வழியில், பனி உருட்டிக் கொண்டுவந்த ஒரு கல்லோ பீச் மரத்தின் வேரோ குறுக்கே கிடந்தால், அந்த இடத்தில் மட்டும் நீர் விழுகிறது.

விழுகிற நீருக்கு இந்த ஊர் ஏற்கெனவே ஒரு விலை வைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1844இல் மிக்கேல் ட்ரெவ்சன் இங்கே காகித ஆலை அமைத்தது, குடெனோ ஆற்றின் நீர்வலுவை நம்பித்தான். ஆலையைச் சுற்றித்தான் நகரமே வளர்ந்தது. ஆற்றின் வீழ்ச்சி காகிதமாயிற்று என்று எழுத்தாளர்கள் முன்னால் சொல்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். 2000இல் ஆலையை மூடிவிட்டார்கள். காட்டுக்குள் சின்ன ஓடைகள் இருக்கின்றன.

போன ஏப்ரலில் அப்படி ஒன்றைப் பார்க்க என் தங்கையின் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு வயது. வண்டியை ஏரிக்கரையில் விட்டு அரை மணி நேர நடை. அரசாங்கக் காடு என்பதால் பாதையை விட்டு விலகி நடக்கவும் தடையில்லை. பெயர்ப்பலகை இல்லை, படிக்கட்டு இல்லை, கைப்பிடிக் கம்பி இல்லை. மரங்கள் இன்னும் இலை விட்டிருக்கவில்லை. தரை முழுக்க வெள்ளை அனிமோன் பூ. முதலில் சத்தம் கேட்டது, பிறகு பார்த்தோம். என் இடுப்பு உயரம்கூட இல்லை.

“இதுக்கோ மாமா இவ்வளவு தூரம் நடந்தனாங்கள்?” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவள் குந்தியிருந்து தண்ணீருக்குள் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “இது விழேல்லை மாமா, ரிஸ்லர்” என்றாள். ரிஸ்லர் என்பது டேனிஷ் வினை. மெல்லிய நீர் கல்லுக்கும் வேருக்கும் இடையில் சத்தத்தோடு வழிவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல். எவ்வளவு சரியான சொல் பாருங்கள். “தமிழில என்ன?” என்று கேட்டாள். சலசலப்பு என்று சொல்லியிருக்கலாம். அது காய்ந்த ஓலைக்கும் பொருந்துகிற சொல். நான் ‘இழும்’ என்றேன். திருமுருகாற்றுப்படை முடியும் இடத்தில், பழமுதிர்சோலை அருவி இறங்கும் நீண்ட வருணனையில் வருகிற ஒலிக்குறிப்பு அது. அவள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். ழகரம் வரவில்லை. யாழ்ப்பாணத்தார் நாங்களே வீட்டில் அதை ளகரமாகத்தானே சொல்கிறோம், பிள்ளையைக் குறை சொல்லி என்ன. எனக்கு இத்தனை வருடத்திலும் டேனிஷ் மொழியின் மெல்லிய ‘ட’ வரவில்லை. தண்ணீரின் முன்னால் இருந்து இருவரும் மாறி மாறிப் பயிற்சி எடுத்தோம்.

இங்கேதான் குறிஞ்சிப்பாட்டுக்கு வருகிறேன். ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழை அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்று அதன் பழைய குறிப்புச் சொல்கிறது. தமிழ் அறியாதவனுக்குப் பாடம் எடுக்கக் கபிலர் இலக்கணத்தை எடுக்கவில்லை. தினைப்புனம் காக்கும் பெண்களை அருவியில் ஆடவிட்டு, சுனையில் குளிக்கவிட்டு, பூப் பறிக்கவிட்டார். நாங்களோ அந்த 99 பூக்களின் பெயர்களை மட்டும் பிடுங்கியெடுத்து, போட்டி மேடையில் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். கைதட்டுகிறோம். அருவியை விட்டுவிட்டோம். ஒரு பூவைக்கூடக் காணாத பிள்ளை 99 பெயர் சொல்வதைவிட, அனிமோனைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குத் தமிழில் பெயர் இல்லையா என்று கேட்பது மேல் என்று நினைக்கிறேன். தமிழாசிரியர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

அகநானூற்றின் 82ஆம் பாட்டும் கபிலருடையது. அங்கே மூங்கில் துளையில் புகுகிற காற்று குழல், அருவியின் ஓசை முழவு, மயில்தான் ஆடுகிற விறலி. மலையே ஒரு அரங்கு. அந்த முழவை நாங்கள் நின்ற இடத்தில் கேட்க முடியாது. அதற்கு உயரமும் பாறையும் வேண்டும். ஆனால் சின்ன அருவி ஒரு காரியம் செய்கிறது. பெரிய அருவியின் முன்னால் பேச முடியாது, கத்த வேண்டும். இதன் முன்னால் பேசலாம்.

பாரி இறந்த பிறகு கபிலர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பறம்பை விட்டு நடந்தார். மழை வறண்டாலும் பறம்பில் அருவி வறளாது என்று பாடியவர், அந்த மலையைத் தூரத்திலிருந்து காட்டிக் காட்டிப் பேசுகிற பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. நடக்கிற வழியில் அந்தப் பெண்கள் அவரிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அது பாட்டில் இல்லை.

சில்க்போர்க் பக்கம் வருகிறவர்கள் ஏப்ரல் கடைசிக்குள் வாருங்கள். மே தொடக்கத்தில் பீச் இலை விட்டதும் காடு இருட்டிவிடும், பூவும் போய்விடும். சேறு இருக்கும், நீளச் சப்பாத்துப் போடுங்கள். எந்த ஓடை என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஏரிக்கரையில் இறங்கிச் சரிவோரமாக நடந்தால் உங்களுக்கும் ஒன்று கேட்கும். இனிக் கேள்விகளுக்குப் போகலாம். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் கை உயர்த்தியிருக்கிறார், ஒலியைத் திறந்துவிடுங்கள்.