மஞ்சள் வழக்கும் விஞ்ஞானம் படித்த வக்கீலும்



சென்ற மாதம் சரவணம்பட்டியில் ஒரு தோட்டத்துக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். வேலை முடிந்து திண்ணையில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்துக்காரர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, எம்பட பொண்ணு உயிரியல் தொழில்நுட்பத்துல எம்.எஸ்சி. முடிச்சுப்போட்டு, இப்ப வக்கீலுக்குப் படிக்கறேங்கறா. பேட்டன்ட் வழக்குன்னு என்னமோ சொல்றா. இத்தன வருசம் படிச்சதெல்லாம் வீணாப் போயிருமுங்களா?"

நானும் விஞ்ஞானப் பட்டதாரிதான். ஆனாலும் அன்றைக்கு அவருக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்கள் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

பேட்டன்ட் என்பது காப்புரிமை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, அதை மற்றவர்கள் அனுமதி இல்லாமல் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்கும் உரிமையை 20 ஆண்டுகளுக்கு அரசு தருகிறது. நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோம் அல்லவா? அதுபோலக் காப்புரிமைப் பத்திரத்திலும், எதுவரை தன் உரிமை என்பதை எண் போட்டு எழுதியிருப்பார்கள். வரப்புத் தகராறு வந்தால் நமக்கு சர்வேயரும் வேண்டும், வக்கீலும் வேண்டும். மருந்து, விதை, நுண்ணுயிர் சம்பந்தப்பட்ட காப்புரிமைத் தகராறில் இந்த இரண்டு வேலையும் தெரிந்த ஒருவர் இருந்தால் அதுவே பெரிய பலம். இங்கிலாந்தில் வழக்கைத் தயார் செய்கிறவரை சொலிசிட்டர் என்பார்கள். அங்கே ஆராய்ச்சி சாலையிலிருந்து அந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் உண்டு.

இது எங்கேயோ நடக்கிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஈரோட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் அமெரிக்காவில், மஞ்சள் தூளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். புண்ணில் மஞ்சள் வைக்காத பாட்டி நம் பக்கத்தில் யார் இருக்கிறார்? ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டில் காலங்காலமாக இருந்த பழக்கத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது. அச்சில் வந்த எழுத்து வேண்டும்.

டாக்டர் மசேல்கர் தலைமையில் இருந்த நம் நாட்டு விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1996-ல் அந்தக் காப்புரிமையை மறுபரிசீலனை செய்யக் கோரியது. சமஸ்கிருத நூல்கள் முதல் 1953-ம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்க ஏட்டில் வந்த கட்டுரை வரை 32 ஆதாரங்களை முன்வைத்தார்கள். 1997-ல் காப்புரிமை செல்லாது என்று முடிவாயிற்று. அதாவது, எந்த வரி எந்த உரிமையை உடைக்கும் என்று விஞ்ஞானமும் சட்டமும் சேர்ந்து பார்த்ததால்தான் ஜெயித்தோம். அதன் பிறகு 2001 முதல், சித்த மருத்துவத் தமிழ் நூல்கள் உட்பட நம் பாரம்பரிய அறிவை மின்னணு நூலகமாகத் தொகுத்து வருகிறார்கள்.

சரி, விதைக்கு வருவோம். நம் நாட்டுச் சட்டப்படி செடிக்கோ, விதைக்கோ, ரகத்துக்கோ காப்புரிமை கிடையாது. அதற்குப் பதிலாக 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இருக்கிறது. இதிலும் வழக்கு வருகிறது. 2019-ல் குஜராத்தில் உருளைக்கிழங்கு போட்ட விவசாயிகள் சிலர்மேல், எங்கள் ரகத்தைப் பயிரிட்டீர்கள் என்று பெப்சி நிறுவனம், தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. எதிர்ப்புக் கிளம்பவே அந்த ஆண்டே வழக்கை வாபஸ் வாங்கியது. அந்த ரகத்தின் பதிவு 2021-ல் ரத்தாகி, 2024-ல் டில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பால் மீண்டும் உயிர் பெற்றது. கிழங்கு போட்டவனுக்குக் கோர்ட்டு வாசலில் என்ன வேலை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும், விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட ரகம் என்று காட்டும் சீட்டுப் போட்ட பையில் அடைத்து விற்கக் கூடாது. விதை வாங்கிய பில்லையும் பையின் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். சொன்ன விளைச்சல் வராவிட்டால் நஷ்ட ஈடு கேட்க அதுதான் சாட்சி. உங்கள் குடும்பம் காத்து வரும் நாட்டு ரகம் இருந்தால், பதிவுக் கட்டணம் இல்லாமலேயே அதைப் பதிவு செய்யலாம். புதுக் கருவி ஏதாவது செய்திருந்தால், கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே காப்புரிமைக்கு மனுப் போடுங்கள். வெளியே தெரிந்துவிட்டால் புதுமை போய்விடும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்களுக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மஞ்சள் வழக்கு நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

அந்தத் தோட்டத்துக்காரரிடம் மறுபடி போனேன். "ஐயா, நம் நாட்டில் பேட்டன்ட் ஏஜென்டாகப் பதிய வேண்டுமென்றால் விஞ்ஞானமோ பொறியியலோ தொழில்நுட்பமோ படித்த பட்டம் கட்டாயம் வேண்டும். அதோடு அதற்கான பரீட்சையும் எழுத வேண்டும். கோர்ட்டில் நின்று வாதாட மூன்று வருடம் சட்டம் படித்து, வக்கீலாகப் பதிய வேண்டும். உங்கள் பெண் படித்தது வீணில்லை, அதுதான் முதல் படி" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படின்னா மூணு வருசத்துக்கு பீசுக்கு வழி பண்ணோணுமுங்க" என்றார். உள்ளே அந்தப் பெண் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். காப்பி டம்ளரோடு வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.