மலைநாட்டு யாத்திரையும் குரங்குக் காய்ச்சலும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது சங்கத்தின் சிருங்கேரி, ஆகும்பே, ஜோக் யாத்திரை மாசி மாதம் புறப்பட இருக்கிறது. அந்தப் பக்கம் குரங்குக் காய்ச்சல் என்று பேப்பரில் படித்துவிட்டு, ரத்து செய்துவிடலாம் என்கிறார்கள் சிலர். வீணாகப் பயமுறுத்தாதீர்கள், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை என்பது என் தாழ்மையான அபிப்ராயம்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா ஜில்லாவில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பக்கத்து கிராம ஜனங்களுக்குக் கடும் ஜுரம் கண்டது. ஆராய்ந்து புதிய வைரஸைக் கண்டுபிடித்தவர்கள் நம் புணே வைரஸ் ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள்தான். இன்று அது தேசிய வைராலஜி நிறுவனம். நோய்க்குக் கியாசனூர் காட்டு நோய் என்று பெயர் வந்தது. அவ்வூர் மக்கள் சொல்வது ‘மங்கன காயிலே’. மங்க என்றால் கன்னடத்தில் குரங்கு.

இதைப் பரப்புவது காட்டு உண்ணி. நோய் கண்ட குரங்கு செத்ததும், அதன் உடம்பில் இருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றியுள்ள சருகில் பரவுகின்றன. அந்தச் சருகில் நடப்பவர், உட்காருபவர், சுள்ளி பொறுக்குபவர் கடிபடுகிறார். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. ஆகவே கோயிலில், மடத்தில், சாப்பாட்டுப் பந்தியில் பயமில்லை. பயம் காட்டுத் தரையில்தான்.

காலமும் முக்கியம். இளம் பருவ உண்ணிகள் மழை ஓய்ந்த பின் பெருகுவதால், நோய் டிசம்பரில் தொடங்கி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை உச்சத்தில் இருந்து, மழை வந்தால் அடங்கும். நாம் யாத்திரை போகும் காலமும் அதுதான். இப்போது இது ஷிமோகாவோடு நிற்கவில்லை. 2012இல் பந்திப்பூர், 2013இல் வயநாடு, 2015இல் கோவா, 2016இல் நம் மஹாராஷ்டிரத்து சிந்துதுர்க் என்று பரவியது. 2018 டிசம்பரில் சாகர தாலுகா அரளகோடு வட்டாரத்தில் தொடங்கி 2019இல் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஜோக் நீர்வீழ்ச்சி அங்கிருந்து அதிக தூரமில்லை.

அந்த ஊர் ஜனங்களின் நிலையைக் கொஞ்சம் யோசியுங்கள். பாக்குத் தோட்டத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் காட்டுச் சருகு வேண்டும். அதை அள்ளப் போகாமல் பிழைப்பு நடக்காது. இப்போது பல வீடுகளில் ஹோம்ஸ்டே வருமானமும் சேர்ந்திருக்கிறது. கொல்லைக்குப் பின்னால் குரங்கு செத்துக் கிடந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அப்போதுதான் பூச்சிமருந்து தூவி, அந்த இடத்துக்கு ஆள் போகாமல் தடுக்க முடியும். ஆனால் சொன்ன மறுநாளே முன்பதிவெல்லாம் ரத்தாகும் என்றால், யார் சொல்வார்கள்? நாம் பயந்து ஓடினால் அவர்கள் மறைப்பார்கள். அவர்கள் மறைத்தால் கேடு இருவருக்கும்தான். கிராமத்தில் நோயை அடக்குவதில் விருந்தாளிக்கும் பங்கு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

1994இல் சூரத்தில் பிளேக் என்றதும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பீதியால் நோய் குறைவதில்லை. திசை தெரியாமல் சிதறத்தான் செய்யும்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? புறப்படுமுன் சங்கக் காரியதரிசி அந்தத் தாலுகா சுகாதார அதிகாரியுடன் போனில் பேசி, எந்தக் கிராமங்களில் இந்த வருஷம் நோய் கண்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளட்டும். அந்த இடங்களில் காட்டு நடை வேண்டாம். மற்ற இடங்களிலும் முழுக்கை, முழுக்கால் உடை, மூடிய ஷூ. சருகில் ஜமக்காளம் விரித்துக் கட்டுச்சாதம் சாப்பிடுவது வேண்டவே வேண்டாம். உண்ணி விரட்டும் எண்ணெயை அங்குள்ள சுகாதாரத் துறையினர் கிராமத்தாருக்குக் கொடுக்கிறார்கள். நாமும் விசாரித்து வாங்கித் தடவிக்கொள்ளலாம். அறைக்குத் திரும்பியதும் உடையை வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செத்த குரங்கைத் தொடாமல் தகவல் கொடுங்கள்.

தடுப்பூசியை நம்பி இருக்க முடியாது. 1990 முதல் போட்டுவந்த பழைய ஊசி வீரியம் போதாமல் 2022இல் நிறுத்தப்பட்டது. நோய்க்கென்று தனி மருந்தும் இல்லை. நீர்ச்சத்து குறையாமல், ரத்தக் கசிவைக் கவனித்துக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. கடிபட்ட மூன்று முதல் எட்டு நாளில் ஜுரம் வரும். அதற்குள் நாம் வீடு திரும்பியிருப்போம். திடீர் ஜுரம், தலைவலி, உடம்புவலி என்றால் இங்குள்ள டாக்டர் டெங்கு என்றுதான் நினைப்பார். ‘மலைநாட்டுக் காட்டுக்குப் போய்வந்தேன்’ என்று நீங்களே சொல்லுங்கள். சரியான பரிசோதனைக்கு அந்த ஒரு வாக்கியமே வழிகாட்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

யாத்திரை நடக்கட்டும், தங்குமிடப் பதிவும் அப்படியே இருக்கட்டும். விஷயம் தெரிந்து, ஜாக்கிரதையோடு போய் சாரதாம்பாளைத் தரிசித்து வருவோம்.