விஞ்ஞானக் கதைகளில் மாயமும் மனவசியமும்

விஞ்ஞானக் கதைகளில் வரும் மாயத் தோற்றங்களைப் பற்றியும், பிறர் மனத்தை வசப்படுத்தும் வித்தைகளைப் பற்றியும் இன்று சிறிது பேச எண்ணுகிறோம். நாம் விஞ்ஞானம் பயின்றவரல்ல, கலைப் பட்டதாரி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சுற்றறிக்கைகளையும் அறிவிப்புகளையும் மொழிபெயர்த்துத் தருவது நம் உத்தியோகம். கதை படிப்பது மாலை நேரப் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்குக்கும் நம் அடுத்த வீட்டுக்காரரின் ஓய்வுக்காலப் பணத்துக்கும் ஒரு சம்பந்தம் ஏற்படும் என்று நாம் நினைத்ததில்லை. ஏற்பட்டது. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் வசிப்பது புனே நகரின் கிழக்கே உள்ள கோர்படி. புனே சந்திப்பிலிருந்து வரும் ரயில் பாதை இந்தப் பகுதியில்தான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தவுண்ட், சோலாப்பூர் வழியாகச் செல்கிறது, மற்றொன்று சாத்தாரா, மிரஜ் பக்கம் திரும்புகிறது. ரயில்வேயையும் ராணுவத்தையும் நம்பி வந்து, பின்னர் இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நம்மைச் சுற்றிலும் உண்டு. சென்னை செல்லும் வண்டி கடந்து போகும்போது, ரயில்வே கேட்டின் அருகே நிற்பவர்களில் யாராவது ஒருவர் அதை ஒரு கணம் அதிகமாகப் பார்ப்பார். அவர் நம்மவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த வீட்டு அண்ணாச்சியும் அப்படி வந்து தங்கியவர்தாம். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். 2024ஆம் ஆண்டின் இறுதியில், மகளின் பேறுகாலத்துக்காக அவருடைய மனைவியார் ஊருக்குப் போயிருந்தார். அந்நாட்களில் இரவு உணவு நம் வீட்டிலிருந்து அவருக்குப் போகும். ஒரு நாள் மாலை நம் வீட்டம்மாள் பாத்திரத்துடன் சென்று, "அண்ணாச்சி" என்று அழைத்தார். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "அப்புறம் வாருங்கள்" என்ற பொருளில் ஹிந்தியில் ஒரு பதில் வந்தது.

தமிழில் அழைத்தவருக்கு அண்ணாச்சி ஹிந்தியில் பதில் சொல்வாரா? பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. வீட்டம்மாள் நம்மை அழைத்தார். நாமும் சென்று கதவைத் தட்டினோம், தட்டிக்கொண்டே இருந்தோம். கடைசியில் கதவு திறந்தது. அவர் முகத்தில் இரத்தமே இல்லை. மேஜை மேல் சுவரில் சாய்த்து வைத்த கைபேசி. அதன் திரையில், காக்கி உடுப்பு அணிந்த ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு கொடி. நம்மைக் கண்டதும் அந்தத் திரை அணைந்தது.

காலை பத்து மணிக்கு வந்த அழைப்பு அது. அவர் பெயரில் அனுப்பப்பட்ட ஒரு பொட்டலத்தில் போதைப் பொருள் இருந்ததாகவும், அதனால் அவர் வீட்டிலேயே கைது செய்யப்பட்டிருப்பதாகவும் அந்த உடுப்புக்காரர் கூறியிருக்கிறார். கைபேசியின் முன்னிருந்து எழக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது, பேச நேர்ந்தால் தமக்குப் புரியும் மொழியில் மட்டுமே பேசவேண்டும் என்பது கட்டளை. மறுநாள் காலையில் வங்கிக்குச் சென்று வைப்புத் தொகை முழுவதையும் எடுத்து, "சோதனைக்காக" ஒரு கணக்குக்கு அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. கொஞ்சம் தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு அண்ணாச்சி சொன்னார்: "பயம்கூடப் பெரிசில்லை, தம்பி. அந்த ஆளைத் தவிர உலகத்தில் வேறு யாருமே இல்லை என்கிற மாதிரி ஆகிப்போச்சு."

நேயர்களே, இந்த ஒரு வாக்கியம் நம்மை வெகு நாள் யோசிக்க வைத்தது. மனத்தை வசப்படுத்துவதைப் பற்றி நாம் படித்திருந்த கதைகளை எல்லாம் அது நினைவூட்டியது.

முதலில் நினைவுக்கு வந்தது விஞ்ஞானக் கதையே அல்ல. கம்பனின் யுத்த காண்டத்தில் வரும் மாயா சனகப் படலம். வால்மீகியில் இல்லாத இந்தப் பகுதியைக் கம்பன் பாடியிருக்கிறான். அசோகவனத்தில் தனித்திருக்கும் சீதையின் மனத்தை மாற்ற, மருத்தன் என்னும் அரக்கன் சனகனின் உருவம் கொண்டு, கட்டுண்டவனாகக் கொண்டுவரப்படுகிறான். பெற்ற தந்தையின் முகம், தந்தையின் குரல். இராவணனுக்கு இணங்கிவிடு என்று அந்தக் குரல் சொல்கிறது. சீதை அவனைத் தந்தை என்று கருதித் துடிக்கிறாள். ஆனாலும் அவன் சொன்ன அறிவுரையை ஏற்க மறுக்கிறாள். பின்னர் திரிசடை வந்து, அவன் உன் தந்தையல்லன், மருத்தன் என்னும் மாய அரக்கன் என்று கூறிய பிறகே அவள் துயரம் ஆறுகிறது. அயலூரில், தன்னவர் யாருமற்ற இடத்தில் வைத்துத்தான் இந்த மாயம் நிகழ்த்தப்படுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். இன்று ஒருவரின் சில நொடிப் பேச்சை வைத்துக்கொண்டு, அவர் குரலைப் போலவே பேசும் குரலை இயந்திரம் உண்டாக்கித் தருகிறது. மருத்தனின் வித்தை கடைச்சரக்காகிவிட்டது.

புராணக் கதையில் மாயம் எப்படிச் செய்யப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. அரக்கர்களுக்கு அது கைவந்த கலை. விஞ்ஞானக் கதையோ கருவி எது, அதை இயக்குகிறவர் யார் என்று கேட்கிறது. தமிழில் இந்தக் கேள்வியைப் பல்லாயிரம் வாசகர்களின் முன் வைத்தவர் சுஜாதா. அவரும் வெகுகாலம் வெளிமாநிலத் தமிழராக இருந்தவரே. ரங்கராஜன் என்னும் இயற்பெயருடன் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்தில் பங்கு கொண்டவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய "என் இனிய இயந்திரா", 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. அந்த ஆண்டுகள் இப்போது கடந்தே போய்விட்டன.

அந்தக் கதையில் ஜீவா என்னும் தலைவனின் ஆணைக்கு நாடே அடங்கியிருக்கிறது. மக்கள் இரண்டெழுத்துப் பெயர்தான் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் இளம் மனைவியின் கணவன் சிபி காணாமற் போகிறான். அவள் வீட்டில் தங்க வந்த ரவியிடம் ஜீனோ என்னும் இயந்திர நாய் இருக்கிறது. பேசவும் படிக்கவும் தர்க்கம் செய்யவும் தெரிந்த நாய் அது. கதை முற்றும் தறுவாயில் ஓர் உண்மை வெளிப்படுகிறது: ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை. மக்கள் கண்டு அஞ்சியதும் வணங்கியதும் ஹோலோகிராம் என்னும் ஒளி உருவத்தை.

ஹோலோகிராம் சுஜாதாவின் கற்பனையல்ல. டென்னிஸ் காபர் என்பவர் 1947இல் அதன் தத்துவத்தைக் கண்டார். அதற்காக 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொருளின் மீது பட்டுத் திரும்பும் ஒளி அலைகளை இன்னொரு ஒளியுடன் கலக்கவிட்டுப் பதிவு செய்தால், பின்னர் அந்தப் பதிவிலிருந்து கனபரிமாணத்துடன் உருவத்தை எழுப்பலாம். சுஜாதா செய்தது, அந்த ஒளியை அரியணையில் உட்கார வைத்தது. ஒரு நாடு முழுவதும் எப்படி ஏமாந்தது? ஒளியின் திறமை மட்டும் அதற்குப் போதாது. ஒருவர் மற்றொருவரிடம் சந்தேகத்தைச் சொல்ல அஞ்சும் ஊரில், எல்லோரும் நம்புகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பிவிடுவார்கள். நிலாவுக்கு மாயத்தின் ஊடே வழி காட்டுவது, அச்சமின்றிக் கேள்வி கேட்கும் ஒரு நாய்.

இனி நாம் வசிக்கும் புனே நகரத்துக்கு வருவோம். இங்கே வானியல் ஆய்வுக்கான அயூகா நிறுவனத்தை 1988இல் தோற்றுவித்த விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர், மராத்தியில் சிறந்த விஞ்ஞானக் கதைகளும் எழுதினார். தம் புகழ் நடுவர்களைப் பாதிக்கலாகாது என்று, முதற் கதையை வேறு பெயரில் போட்டிக்கு அனுப்பிப் பரிசு பெற்றவர். 2025 மே 20ஆம் நாள் இந்நகரிலேயே காலமானார்.

அவருடைய கதை ஒன்றின் ஆங்கில வடிவம் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. நேயர்கள் சிலரின் பிள்ளைகள் படித்திருக்கக்கூடும். கங்காதர் பந்த் என்னும் புனே சரித்திரப் பேராசிரியர், லாரியில் மோதிய கணத்தில் வேறொரு உலகத்துக்குள் புகுந்துவிடுகிறார். 1761 ஜனவரி 14ஆம் நாள் நிகழ்ந்த பானிபத் போரில் விசுவாசராவ் குண்டுபட்டு இறந்தது நாம் அறிந்த சரித்திரம். பேராசிரியர் புகுந்த உலகத்திலோ குண்டு குறி தவறுகிறது, மராத்தியர் வெல்கிறார்கள், அதன் பின் பாரதத்தின் சரித்திரமே வேறாக ஓடுகிறது. இரண்டு நாட்களுக்குப் பின் அவர் தம் உலகத்துக்குத் திரும்புகிறார்.

திரும்பிய பிறகு அவர் செய்வது என்ன? ராஜேந்திர தேஷ்பாண்டே என்னும் விஞ்ஞானி நண்பரிடம் சென்று நடந்ததைச் சொல்கிறார். மனம் செய்த மாயமாக இருக்கலாம் என்று நண்பர் முதலில் எண்ணுகிறார். அப்போது பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தின் கிழிந்த பக்கத்தை எடுத்துக் காட்டுகிறார். குண்டு தவறிய செய்தி அதில் அச்சாகியிருக்கிறது. மாயத்தைக் கலைப்பதற்கு மட்டுமல்லாமல், மெய்யை மெய் என்று நிலைநாட்டவும் இன்னொரு மனிதரும், கையில் பிடிக்கக்கூடிய ஒரு சான்றும் வேண்டியிருக்கின்றன என்பதை இந்தக் கதையில் காண்கிறோம்.

வானொலியில் பேசுகின்றவர் வானொலி செய்த மாயத்தை மறைப்பது முறையாகாது. 1938 அக்டோபர் 30ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் என்னும் இளம் நடிகர், எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்புக் கதையைச் செய்தி அறிவிப்பின் பாணியில் நாடகமாக்கி ஒலிபரப்பினார். இது நாடகம் என்ற அறிவிப்பு தொடக்கத்தில் இருந்தது. இடையில் கேட்க வந்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள். சிலர் உண்மையென்று நம்பி நடுங்கினார்கள். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாட்லி காண்ட்ரில் இதை ஆராய்ந்து 1940இல் ஒரு நூல் வெளியிட்டார். வேறொரு நிலையத்தைத் திருப்பிக் கேட்டோ, பத்திரிகையில் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தோ உண்மை அறிந்தவர்களும் அதில் வருகிறார்கள்.

அந்த இரவு அமெரிக்கா முழுவதும் மக்கள் தெருவுக்கு ஓடினார்கள் என்று நாமும் பல ஆண்டுகள் நம்பியிருந்தோம். பத்திரிகைகள் அந்தப் பீதியை மிகைப்படுத்திவிட்டன என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஏமாற்றத்தைப் பற்றிய செய்தியிலும் நாம் ஏமாந்திருந்தோம்! மற்றவர்களின் பேதைமையைக் கண்டு சிரிப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே அண்ணாச்சி ஏமாந்தது அறிவுக் குறைவால் அல்ல. அவர் பணியிலிருந்த காலத்தில் சிக்னலைச் சரிபாராமல் எந்த வண்டியையும் விட்டவரல்லர். அழைத்தவன் அவருடைய நேர்மையையே பிடிமானமாகக் கொண்டான். சட்டத்துக்கு அஞ்சி வாழ்ந்தவருக்குச் சட்டத்தின் வேடத்தையே காட்டினான். பிறகு நாள் முழுவதும் அவரைத் தனியாக வைத்திருந்தான். யாரிடமும் சொல்லாதே என்ற கட்டளை இல்லாவிட்டால் அந்தக் காக்கி உடுப்பும் கொடியும் அரை மணி நேரம்கூட நின்றிருக்கமாட்டா.

"டிஜிட்டல் கைது" என்ற ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபர் 27ஆம் நாள் பிரதமரே வானொலி உரையில் இதைத் தெளிவுபடுத்தி, இத்தகைய அழைப்பு வந்தால் பதறாமல் நின்று யோசிக்குமாறு கேட்டுக்கொண்டார். இணையவழி மோசடிகளைப் பற்றி முறையிட 1930 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இவை தெரிந்திருக்கவேண்டிய செய்திகள். ஆனால் செய்தி தெரிந்தவரும் அச்சம் சூழ்ந்த நேரத்தில் அதை மறந்துவிடுவார். அப்போது கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும்.

வெளியூரில் வாழும் நமக்கு அந்த ஆள் தாமாக அமைந்துவிடுவதில்லை. ஊரில் சித்தப்பாவும் அத்தையும் கேளாமலே உள்ளே வந்து, "என்ன, முகம் வாடியிருக்கிறது?" என்று விசாரிப்பார்கள். இங்கே நாம்தான் தேடிப்போய் அந்த உறவை உண்டாக்கிக்கொள்ளவேண்டும். அவர் தமிழராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அன்றிரவு அண்ணாச்சியுடன் காவல் நிலையத்துக்கு வந்து, மராத்தியில் புகார் எழுதி உதவியவர் எதிர்வீட்டு மராத்தியப் பெரியவர்.

அண்ணாச்சியின் மனைவியார் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஆயினும் நம் வீட்டுப் பாத்திரம் இப்போதும் மாலையில் அந்த வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து வேறொரு பாத்திரம் நம் வீட்டுக்கு வருகிறது. சென்ற வாரம் அண்ணாச்சி நம்மிடம் சுஜாதாவின் புத்தகத்தை இரவல் கேட்டார். ஜீவா யார் என்பதை நாம் முன்னதாகச் சொல்லிவிடவில்லை.