ஹாரன் ஏன் ஒலிக்கவில்லை?



மலைப்பாதையில் வளைவுகள் அதிகம். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. ஊட்டியானாலும் சரி, சிம்லாவானாலும் சரி, வளைவில் ஹாரன்தான் ஓட்டுநருக்குத் துணை. அந்த ஹாரன் ஒலிக்காமல் போனால் என்ன ஆகும்? ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கதையைக் கேளுங்கள்.

கடன்பட்டு வாங்கிய கார் அது. இரவில் தெருவில்தான் நிற்கும். திருடு போய்விடக் கூடாதே என்று அவர் ஓர் அலாரம் பொருத்தினார். யாராவது கதவைத் திறந்தால் சைரன் கத்தும். அந்தச் சத்தம் அவருக்குப் போதவில்லை. ஹாரனும் சேர்ந்து ஒலித்தால் தெருவே விழித்துக்கொள்ளும் என்று நினைத்தார். சைரனுக்குப் போகும் வயரை ஹாரன் வயரோடு தாமே முறுக்கினார். மேலே டேப் சுற்றினார்.

சில நாளில் அலாரம் பெட்டி கெட்டது. பிறகு ஹாரனும் நின்றது. பியூஸ் போயிருந்தது. புதிய பியூஸ் போட்டார். ஹாரன் ஒலித்தது. வண்டி பள்ளத்தில் குலுங்கியபோது ஹாரனை அழுத்தினார். அந்த பியூஸும் போயிற்று.

மறுநாள் காலையில் ஒரு குடும்பத்தை மலைக்கு அழைத்துப் போக வேண்டும். வேறு பியூஸ் கையில் இல்லை. அந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியைச் செருகினார். ஹாரன் ஒலித்தது. நிம்மதியாகப் புறப்பட்டார்.

மலையில் ஒரு வளைவில் ஹாரனை அழுத்தினார். ஒலி வரவில்லை. கருகும் நாற்றம் வந்தது. பானட் இடுக்கில் புகை தெரிந்தது. உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி, எல்லோரையும் இறக்கினார். ஹாரனிலிருந்து கையை எடுத்ததும் கரண்டு நின்றது. அதனால் புகை அடங்கியது. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ஓட்டுநருக்குக் கை நடுங்கியது.

வயதான ஒரு வயரிங் மெக்கானிக் வந்தார். செம்புக் கம்பியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பியூஸ் போனா வண்டி தப்பிச்சுதுன்னு அர்த்தம் தம்பி. அது ஏன் போச்சுன்னு பார்க்க வேண்டாமா?" என்றார்.

"தெரியாம செஞ்சுட்டேன் அண்ணே" என்றார் ஓட்டுநர்.

மெக்கானிக் முதலில் பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். அப்படிச் செய்தால் ஸ்பானர் தவறிப் பட்டாலும் பொறி பறக்காது. பிறகு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். டேப் சுற்றிய இடம் உருகியிருந்தது. உள்ளே இருந்த செம்பு வண்டியின் பாடியில் உரசிக்கொண்டிருந்தது. பியூஸ் போனதற்குக் காரணம் அதுதான்.

அலாரம் பெட்டி ஏன் கெட்டது? மெக்கானிக் கணக்குச் சொன்னார். காரின் பாட்டரி 12 வோல்ட். 20 வாட் சைரனுக்கு 2 ஆம்பியர் கூட வேண்டாம். ஒரு ஹாரனுக்கோ சுமார் 5 ஆம்பியர் வேண்டும். இரண்டு ஹாரன் இருந்தால் 10 ஆம்பியர். சிறிய பெட்டி அவ்வளவு கரண்டைத் தாங்குமா?

இதற்குத்தான் ரிலே இருக்கிறது. ஏரியின் மதகை ஒரு மனிதர் கையால் திறக்கிறார். ஊருக்கே தண்ணீர் பாய்கிறது. ரிலேயும் அந்த மதகு போலத்தான். சிறிய கரண்டு அதைத் திறக்கும். பெரிய கரண்டு பாட்டரியிலிருந்து நேராக ஹாரனுக்குப் போகும். அலாரத்தோடு ஹாரனும் ஒலிக்க வேண்டுமானால் நடுவில் தனி ரிலே போட வேண்டும்.

ஹாரன் ஒலிக்காவிட்டால் கரண்டு போகும் வழியைத் தேட வேண்டும். பாட்டரியிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து ஹாரன். ஹாரனிலிருந்து பாடி வழியாகக் கரண்டு மறுபடி பாட்டரிக்கே திரும்பும். இந்த வழியில் எங்கே அடைப்பு என்று பார்க்க ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். 12 வோல்ட் பல்பும் இரண்டு வயரும் சேர்ந்ததுதான் அது. சோதிக்கும்போது பாட்டரி வயர் மாட்டியிருக்க வேண்டும்.

முதலில் பியூஸைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால், அதே ஆம்பியர் எண் உள்ள பியூஸைப் போடுங்கள். அதுவும் போனால் வயர் எங்கோ பாடியில் பட்டுக்கொண்டிருக்கலாம். அதைத் தேடுங்கள்.

இரண்டாவதாக, ஒருவரை ஹாரனை அழுத்தச் சொல்லுங்கள். ரிலேயில் 'டிக்' என்ற ஒலி வருகிறதா? வந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் சுவிட்சிலோ, அதன் வயரிலோ, ரிலேயிலோ கோளாறு.

மூன்றாவதாக, டெஸ்ட் லேம்பின் ஒரு வயரைப் பாட்டரி மைனஸில் வையுங்கள். மற்றதை ஹாரனுக்கு வரும் வயரில் வையுங்கள். ஹாரனை அழுத்தும்போது பல்பு எரிந்தால் கரண்டு வருகிறது.

கரண்டு வந்தும் ஹாரன் ஒலிக்கவில்லையா? ஹாரனின் எர்த் முனையிலிருந்து பாட்டரி மைனஸுக்குத் தனி வயர் பிடித்துப் பாருங்கள். இப்போது ஒலித்தால் எர்த் கோளாறு. துருவை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்குங்கள். அப்போதும் ஒலிக்காவிட்டால்தான் புது ஹாரன் வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டீயரிங்கில் காற்றுப் பை உள்ள கார்களில் ஸ்டீயரிங்கை நீங்களே கழற்றக் கூடாது. பை திடீரென வெடித்து விரிந்தால் காயம் படும். பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்லா மோட்டார் வண்டியிலும் ஹாரன் இருக்க வேண்டும். ஆனால் பல சுரத்தில் கத்தும் ஹாரன் கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்த ஓட்டுநர் இப்போது வண்டியில் நான்கு பியூஸ் வைத்திருக்கிறார். செம்புக் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டார். ஒரு பியூஸின் விலை சில ரூபாய்தான். அது காப்பதோ வண்டியில் வரும் உயிர்களை.