பூட்டைச் சோதித்துப் பார்ப்பவர்



என் தாயார் பால் மரம் வெட்டியவர். பாலை நிறுத்துக் கிராணி புத்தகத்தில் எழுதுவார். அம்மா வீடு திரும்பியதும் அதே கணக்கைச் சுவரில் கரித்துண்டால் குறித்து வைப்பார். கிராணி பொல்லாதவர் என்பதற்காக அல்ல. மாதக் கடைசியில் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. இன்று நான் சொல்லப்போகும் தொழிலும் ஏறக்குறைய அந்தக் கரிக்கோடுதான்.

இணையப் பாதுகாப்பு ஆலோசகர் என்பார்கள். நம்முடைய பெயர், அடையாள அட்டை எண், பணக் கணக்கு எல்லாம் வங்கியிலும் மருத்துவமனையிலும் கணினிக்குள் இருக்கின்றன. திருடன் எந்த வழியாக நுழைவான் என்பதை அவனுக்கு முன்பே கண்டு சொல்வது இவர் வேலை. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொண்டு பூட்டை ஆட்டிப் பார்ப்பார், சன்னல் கொக்கியை இழுத்துப் பார்ப்பார், கண்டதை அறிக்கையாக எழுதிக் கொடுப்பார். அனுமதி முக்கியம். எதையும் எடுக்காவிட்டாலும், அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதே 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். 2024-இல் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இத்தகைய சோதனையைத் தொழிலாக நடத்துவோர் உரிமமும் பெற வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பிறர் சாவியைக் கையில் கொடுத்தாலும் கை நடுங்காத பிள்ளைதான் இதற்குத் தேவை.

இவர்களுக்கும் நமக்கும் என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

கிள்ளானில் ஒரு சிறிய கல்வி உதவிச் சங்கத்துக்கு நான் செயலாளர். விண்ணப்பித்த பிள்ளைகளின் பெயர், பெற்றோர் சம்பளம், தொலைபேசி எண் அத்தனையும் கொண்ட பட்டியலை, சரிபார்க்கட்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு தாயாருக்கு அழைப்பு வந்தது. மகன் பெயரையும் என் பெயரையும் சரியாகச் சொல்லி, உதவித்தொகை பெற ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கச் சொன்னார்கள். இறக்கினார். வங்கிக் கணக்கில் இருந்த 800 வெள்ளி போயிற்று. என் பட்டியலிலிருந்துதான் விவரம் போனதா என்று நிரூபிக்க முடியாது. எனக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை.

எங்கள் செயற்குழுவில் ஓர் இளைஞர் இருக்கிறார். கோலாலம்பூரில் இந்தத் தொழில் செய்பவர். சங்கத்தில் அவருக்குச் சம்பளம் கிடையாது, தேநீரும் வடையும்தான். அவர் என்னைக் கடியவில்லை. "டீச்சர், இந்த விவரமெல்லாம் நமக்கு எதற்கு?" என்றுதான் கேட்டார். பாதிக்கு மேல் தேவையே இல்லை! தேவையற்றதைக் கேட்பதை நிறுத்தினோம். பட்டியல் ஒரே கணினியில், இரண்டு பேர் பொறுப்பில் இருக்கிறது. பணம் அனுப்ப இருவர் ஒப்புதல் வேண்டும். தலைவர் பெயரில் அவசரச் செய்தி வந்தால், அவரைக் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும்.

முதிய பொருளாளருக்குக் கோபம். "என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார்.

"உங்க மேல இருக்கு ஐயா. உங்க பேருல வேற ஒருத்தன் பேசினா?"

2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கே உரியது. ஆகவே நம்மைப் போன்ற சங்கங்களில் பாரம் செயற்குழுவின் தோளில்தான் விழுகிறது. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை வழியே போயிருப்பீர்கள். அவர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்ட மக்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். கூலியில் மிச்சம் பிடித்த பணம் அது. அன்றைக்குப் பேரேட்டைக் காக்க ஆள் வேண்டியிருந்தது. இன்றைக்குக் கணினியைக் காக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் இத்தொழிலில் இருந்தால், அவரைச் செயற்குழுவுக்கு அழையுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். மோசடிக்காரர்கள் பணத்தைச் சில நிமிடங்களில் பல கணக்குகளுக்கு மாற்றிவிடுவார்கள். அந்தத் தாயார் இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார்.

அவர் இப்பொழுதும் கூட்டத்துக்கு வருகிறார். "இத எங்க வைப்பீங்க, டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் படிவத்தைக் கையில் கொடுக்கிறார்.