எச்சில் சோறும் வட்டப் பொருளாதாரமும்

(மேலகரத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சாரல் விழுந்தா குற்றாலத்துக்குக் கூட்டம் வருது. குளிச்சுச் சாப்பிட்டு, மிச்சத்தை இலையோடு எறிஞ்சுட்டுப் போறாங்க. அள்ளுவது யார்? தோட்டி என்றார்கள், துப்புரவுத் தொழிலாளி என்றார்கள், இப்போது தூய்மைப் பணியாளர். பேர் மாறிச்சு, அள்ளுற சாதி மாறலையே!

2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். அதில் 60 சதவீதம் வீடுகளில். மிச்சச் சோறு உரமாகி மண்ணுக்கே திரும்புவதை வட்டப் பொருளாதாரம் என்கிறார்கள். நல்லதுதான். அந்த வட்டத்தைச் சுற்றும் கை யாருடையது?

எறியப்பட்ட எச்சிலைத் தின்ன மாட்டோம் என்று உறுதியேற்கச் சொன்னார் அம்பேத்கர், 1927 மகாத் மாநாட்டில். அன்று சோறாக வந்த எச்சில் இன்று வேலையாக வருது.

குப்பையைப் பிரித்துத் தருவது அதை உண்டாக்குபவரின் கடமை என்று 2016இலேயே விதி வந்தது. தின்னவன் பிரிக்கட்டும். விடுதிக்காரன் தன் இடத்திலேயே உரமாக்கட்டும். அள்ளுபவருக்கு நிரந்தர வேலையும் முழுக் கூலியும் கையுறையும் கேட்போம்.

அதுக்கு முன்னால ஒண்ணு: இன்று காலை உங்க வீட்டு வாளியில் சோறும் பிளாஸ்டிக்கும் ஒண்ணாத்தானே கிடந்தது?